படியெடுக்கப்படாத கொம்பு: வேங்கடப் பகுதியின் உலோக ஊதுகருவிகளும் மறுவுருவாக்கமும்

கல்வெட்டைப் படியெடுக்கும் முறை தமிழாய்வுலகிற்கு நன்கு அறிமுகமானது. ஈரத்தாளைக் கல்லின்மீது ஒட்டித் தட்டி, மையொற்றி எடுக்கப்பெறும் படி, கல் சிதைந்த பின்னும் அதன் வாசகத்தைக் காத்துத் தருகிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் அவ்வாறு படியெடுக்கப்பெற்று, சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலானோரின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானத்தின் வெளியீடுகளாகத் தொகுதி தொகுதியாக வந்தன. அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆயின், அக்கல்வெட்டுகள் பொறிக்கப்பட்ட நாள்களில் திருவீதிகளில் ஒலித்த கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகிய உலோக ஊதுகருவிகள் இத்தகைய அக்கறையுடன் படியெடுக்கப்பெறவில்லை. அவற்றின் பெயர்கள் நம்மிடம் உள்ளன. அவற்றின் உள்ளளவுகள் இல்லை.

திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்திலிருந்து தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) வழியினரின் பாடல்கள் பொறித்த செப்பேடுகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிக்கொணரப்பட்டதை அறிஞர் அறிவர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் அவை. அதே செம்பில், அதே மலையடிவாரத்தில் ஊதுகருவிகளும் செய்யப்பட்டிருக்கும். எழுத்தைத் தாங்கிய செம்பு தப்பியது. மூச்சைத் தாங்கிய செம்பு தப்பவில்லை. காரணம் எளிது. பொறித்து அடுக்கிய ஏட்டுக்குத் தேய்மானம் இல்லை. கொம்போ நாள்தோறும் கையாளப்படுவது; நசுங்குவது; மூட்டில் கீறல் விடுவது. நசுங்கிய கொம்பு கன்னாரின் உலைக்குத் திரும்பி, உருகி, மீண்டும் கொம்பாகவோ குடமாகவோ வெளிவரும். ஆகவே நம் பகுதியில் பழைய உலோக ஊதுகருவியொன்றின் மறுவுருவாக்கத்தைப் பற்றிப் பேசுவோர், தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். எதைப் பார்த்துப் படியெடுப்பது? இவ்வினாவைச் சித்தூர், திருப்பதிப் பகுதியை நடுவாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை பற்றி ஒரு சொல். தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகக் காட்டும் வேங்கடம் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாயிற்று. அதன் பகுதியாயிருந்த திருத்தணி 1960இல் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருப்பதி 2022இல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சியெல்லைகள் இவ்வாறு மாறினும், ஊதுகருவிகளும் அவற்றைச் செய்வோரும் இவ்வெல்லைகளைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

சொல்லும் பொருளும்

தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் கொம்பு எனவும் தெலுங்கில் கொம்மு எனவும் வழங்கும் சொல் முதற்கண் விலங்கின் கொம்பையே குறிக்கும். கோடு என்னும் பழஞ்சொல்லும் அத்தகையதே. விலங்கின் கொம்பைத் துளைத்து ஊதிய காலம் ஒன்று இருந்தது. பின்னர் அதன் வளைவையும், நுனி குறுகி அடி விரியும் அமைப்பையும் உலோகத்தில் கண்டனர். அவ்வகையில் பார்த்தால், பித்தளைக் கொம்பே ஒரு மறுவுருவாக்கம்தான். மூலப்பொருள் மாறியும் வடிவும் பெயரும் மாறவில்லை. இலத்தீனில் உரோமர் தம் போர்க்கொம்பைக் கொர்னு என அழைத்ததும், அச்சொல்லுக்கும் விலங்கின் கொம்பு என்பதே பொருளாயிருப்பதும் ஒப்புநோக்கத்தக்கன.

பத்துப்பாட்டுள் மலைபடுகடாம், கூத்தர் தம் கருவிகளைச் சுமந்து செல்லும் காட்சியுடன் தொடங்குகிறது. அதன் தலைவனாகிய நன்னனின் செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. நம் பகுதிக்குத் தொலைவானதன்று. அங்குக் கூறப்படும் கருவிகளுள் கோடு ஒன்று. யானை பெருமூச்செறிவது போன்ற ஓசையுடைய தூம்பு மற்றொன்று. இளி என்னும் நரம்பின் ஓசையைத் தருவதாகக் கூறப்படும் குறும்பரந்தூம்பு இன்னொன்று. இவை எப்பொருளால் ஆயின என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. மூங்கில் எனக் கொள்ளவும் வழியிருக்கிறது. ஆயினும் இளி பற்றிய குறிப்பு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. அதற்குப் பின்னர் வருவோம்.

இடைக்காலத்தில் சின்னமும் காளமும் பெருவழக்குப் பெறுகின்றன. காளம் என்பது காகளம் என்னும் வடசொல்லின் திரிபாகக் கருதப்படுகிறது. திருநெல்வாயில் அரத்துறையில் ஞானசம்பந்தர் சிவிகை, குடை ஆகியவற்றுடன் முத்துச்சின்னமும் பெற்றதைச் சேக்கிழார் விரிவாகப் பாடுகிறார். சின்னம் இங்கு வெறும் இசைக்கருவியன்று. வருபவர் இன்னார் என அறிவிக்கும் வாய். வைணவ மரபில் வேதாந்த தேசிகர் காஞ்சிப் பேரருளாளனின் சின்ன ஒலியையே பொருளாகக் கொண்டு திருச்சின்னமாலை என்னும் நூலைத் தமிழில் இயற்றினார். ஒருவரே இரு நேர்குழல்களை ஒருசேர வாயில் வைத்து ஊதும் வழக்கம் திருச்சின்னத்துக்கு உரியது. ஓர் ஊதுகருவி தனியொரு நூலுக்குப் பாடுபொருளாயிற்று என்பது நம் இலக்கிய வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

தகடும் வார்ப்பும்

இலக்கியம் ஓசையைச் சொல்லும், செய்முறையைச் சொல்லாது. செய்முறைக்கான சான்றை வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது. திருமலைக் கோயிலுக்குள் நுழைவோர் அனைவரும் அதனைக் கடந்தே செல்கின்றனர்.

கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழுமுறை திருமலைக்கு வந்தவர். அவரும் திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புப் படிமங்கள் அங்குள்ளன. சோழர் காலச் செப்புத்திருமேனிகளைப் போல மெழுகுக்கரு கட்டி வார்க்கப்பட்டவை அல்ல இவை. செப்புத்தகட்டை அடித்துப் புடைத்து உருவாக்கப்பட்டவை. உள்ளே வெற்றிடம்; வெளியே ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த உருவம். இத்துணைப் பெரிய தகட்டுப் பணியைத் தோள், முகம், மடிப்பு என வேறுபடுத்திச் செய்த கைகளுக்குக் கூம்புக் குழலொன்றை உருட்டுவது அரிதாயிருந்திராது. திருப்பதிக்கு அருகிலுள்ள பெருமாள்பள்ளி இக்காலத்திலும் பித்தளைத் தகட்டு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். தெலுங்கு வழங்கும் இடத்தில் இப்படியொரு தமிழ்ப்பெயர் நிலைத்திருப்பது வேறோர் ஆய்வுக்குரியது.

வார்ப்புக்கும் தகட்டுப் பணிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு விளக்குதல் தகும். ஊதுகருவியின் சுவர் மெல்லியதாக இருத்தல் வேண்டும். கனத்தால் ஊதுவோன் கையும் கழுத்தும் சோரும். வார்ப்பில் நீண்ட குழலை அத்துணை மெல்லிதாகப் பெறுதல் கடினம். வெண்கலமோ ஈயம்பூசிய செம்பன்று. வெள்ளீயம் மிகக் கலந்தால் குளிர்ந்த நிலையில் அடிக்க உடையும். எனவே செம்பும், செம்புடன் துத்தநாகம் கலந்த பித்தளையுமே தகட்டுக் கொம்புக்கு உகந்தனவாயின.

தகட்டைக் குறுகிய நாற்கரமாக, ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் இருக்குமாறு வெட்டுவர். கூம்பு வடிவ இரும்புத்தண்டின்மீது சுற்றி மரச்சுத்தியால் தட்டி இணைப்பர். சேரும் இரு விளிம்புகளும் சீப்புப்பல் போல் வெட்டப்பட்டு ஒன்றனுள் ஒன்று கோக்கப்படும். வெறுமனே ஒட்டினால் அடிக்கும்போது பிளந்துவிடும். மேலே வெண்காரமும் பற்றுப்பொடியும் இட்டு உலையில் காட்ட, பொடி உருகி ஓடிப் பல்லிடுக்குகளை நிரப்பும். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். இறுகியதைச் செந்நிறம் வரக் காய்ச்சி மீண்டும் இளக்குவர். இவ்வாறு பலமுறை. வளைக்க வேண்டிய பகுதியில் குங்கிலியம் அல்லது ஈயத்தை உருக்கி ஊற்றி நிரப்பி, ஆறிய பின் வளைப்பர். இன்றேல் குழல் மடங்கி உள்ளளவு கெடும். வளைத்தபின் சூடுகாட்டி நிரப்பியதை வெளியேற்றுவர். கொம்பு ஒரே துண்டாக அமைவதில்லை. துண்டுகளை ஒன்றனுள் ஒன்று செருகி, மூட்டின்மேல் பித்தளை வளையமோ குமிழோ பொருத்துவர். அக்குமிழ் அணிகலன் போலத் தோன்றினும் மூட்டை இறுக்கிக் காற்றுக் கசியாமல் காப்பதே அதன் பணி. இரு அரைவட்டங்களைத் திருப்பிச் செருகிப் பிறைபோலவும் பாம்புபோலவும் ஒரே கொம்பை அமைக்க முடிவதும் இம்மூட்டுகளாலேயே.

இக்கருவிகளைச் செய்தோரைப் பற்றிய கல்வெட்டொன்றை இங்குக் குறிக்காமல் செல்ல இயலவில்லை. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்துடன் கொங்குநாட்டில் வெளியிடப்பட்ட ஆணை, கம்மாளர் தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது செருப்பணியவும், வீட்டுக்குச் சாந்து பூசவும் உரிமை வழங்குகிறது. உலோகத்தை உருக்கி மன்னனுக்கும் இறைவனுக்கும் ஊதுகருவி செய்து தந்த வகுப்பார், தம் வீட்டு வாயிலில் ஒன்றை ஊதுவிக்க அரசாணை பெறவேண்டியிருந்தது. ஒலி யாருக்குரியது என்பது அன்று ஒரு சமூக வினா.

பிற நாட்டார் முயற்சிகள்

பழைய உலோக ஊதுகருவிகளை மீண்டும் செய்யும் முயற்சி ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பிரசல்சு இசைக்கல்லூரி அருங்காட்சியகத்தின் காப்பாளர் விக்டர் மகீயோன் ஒரு கருவிசெய் குடும்பத்தவர். பொம்பெயியில் அகழ்ந்தெடுக்கப்பட்டு நேப்பிள்சில் காக்கப்பெறும் உரோமக் கொம்புகளுக்கு அவர் நேர்படிகள் செய்தார். அந்த அருங்காட்சியகத்தின் தொடக்கத் திரட்டில் வங்கத்துச் சௌரீந்திரமோகன் தாகூர் 1876இல் பெல்சிய மன்னருக்கு அனுப்பிய ஏறத்தாழ நூறு இந்தியக் கருவிகளும் அடங்கும். கொர்னுவின் படியும் இந்தியக் கருவிகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பது சுவையான செய்தி. நம் பக்கத்தில் கேப்டன் சி. ஆர். டே 1891இல் வெளியிட்ட தென்னிந்திய இசைக்கருவிகள் பற்றிய நூலும், பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு ஆக்கிய கருவிப் பட்டியலும் முன்னோடிப் பணிகள். எனினும் படங்களும் விளக்கங்களும் புறவடிவைக் காட்டுவன. அவற்றைக்கொண்டு ஒரு கன்னார் கொம்பு செய்துவிட முடியாது. அம்பியில் ஆயிரம் இராமர் கோயிலின் மதிற்புறத்து ஊர்வலச் சிற்பங்களுக்கும் இதே குறை உண்டு. சிற்பி கொம்பின் வளைவைக் காட்டினான். உட்புழையைக் காட்ட அவனால் இயலாது.

ஸ்காத்லாந்தின் டெஸ்க்போர்டில் 1816 அளவில் காட்டுப்பன்றித் தலை வடிவ உலோகத் துண்டொன்று கிடைத்தது. கார்னிக்ஸ் என்னும் பழங்கெல்தியப் போர்க்கொம்பின் தலைப்பகுதி அது. குழல் கிடைக்கவில்லை. தொல்லியலாளர் பிரேசர் அண்டர், இசையறிஞர் ஜான் பர்சர், உலோகக் கைவினைஞர் ஜான் கிரீடு ஆகியோர் கூடி 1990களின் தொடக்கத்தில் அதனை மறுவுருவாக்கினர்; ஜான் கென்னி ஊதினார். டென்மார்க்கில் கிடைத்த வெள்ளிக் கொப்பரை ஒன்றின் சிற்பத்தைக் கொண்டே குழலின் நீளத்தை உய்த்துணர்ந்தனர். மூலத்துண்டிலிருந்த பித்தளை, உரோமரின் பழைய உலோகத்தை மீண்டும் பயன்கொண்டது எனக் கருதப்படுகிறது. உருக்கி உருமாற்றும் பழக்கம் கன்னார் தெருவுக்கு மட்டும் உரியதன்று.

ஆயினும் இம்முயற்சிகள் அனைத்துக்கும் ஒரு பொதுக்குறை உண்டு: வாய்ப்பகுதி. எகிப்திய மன்னன் தூத்தாங்காமூனின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட எக்காளங்களை 1939இல் பிரித்தானிய வானொலிக்காக ஜேம்ஸ் தாப்பெர்ன் ஊதியபோது, தற்கால வாய்ப்பகுதியைப் பொருத்தியே ஊதினார். உலகம் கேட்டது பழைய குழலின் ஓசையா, புதிய வாயின் ஓசையா? ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் பில்லி ஓ ஃபோலூ, அயர்லாந்தில் ஈட்டியடிப் பூண் எனக் கருதப்பட்டிருந்த பழம்பொருளின் வடிவை முப்பரிமாண அச்சில் எடுத்து 2015இல் ஊதிக்காட்டி, அது கொம்பின் வாய்ப்பகுதியாயிருக்கலாம் என நிறுவ முயன்றார். அடுத்த ஆண்டில் அவர் முன்வைத்த கருத்து நமக்கு நேரடித் தொடர்புடையது. தென்னிந்தியாவில், சிறப்பாகக் கேரளத்தில், இன்றும் ஊதப்படும் கொம்பு ஐரோப்பிய இரும்புக்காலக் கொம்புகளை வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கிறது என்றும், அங்கு மறைந்த இசைமரபை அறிய இங்கு வாழும் மரபு துணைசெய்யும் என்றும் அவர் எழுதினார். அவர்களிடம் பழங்கருவி இருக்கிறது, ஊதுவோர் இல்லை. நம்மிடம் ஊதுவோர் இன்னும் சிலர் உள்ளனர், பழங்கருவி இல்லை. இந்நிலைமாற்றம் நம் ஆய்வுமுறையையும் மாற்றவேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. மண்ணிலிருந்தன்று, கைப்பழக்கத்திலிருந்தே நாம் படியெடுக்க வேண்டியுள்ளது.

புறவடிவும் உட்புழையும்

சித்தூர் மாவட்டத்தின் தென்பகுதியில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் சிற்றூர்க் கோயிலொன்றுக்குக் கட்டுரையாளர் சென்றபோது நேர்ந்ததைக் கூறுவது பொருத்தமாகும். உபயதாரர் ஒருவர் பளபளக்கும் புதிய பித்தளைக் கொம்புகள் இரண்டு வாங்கித் தந்திருந்தார். பழைய செப்புக் கொம்பு எடைக்கு எடையாகக் கடையில் கொடுக்கப்பட்டுவிட்டது. அதன் நடுத்துண்டு ஒன்று மட்டும் பாத்திர அறையில் கிடந்தது. பற்று அதிகமாக ஓடியிருந்ததால் கடைக்காரர் அதனை ஏற்கவில்லையாம். பூசை வேளையில் மின்விசையில் இயங்கும் மணிமுரசுப் பொறி முழங்கியது. புதிய கொம்புகள் திருவிழாவில் கையில் ஏந்திச் செல்வதற்கென்று சுவரில் மாட்டப்பட்டிருந்தன. முதிய கொம்பூதி ஒருவரைக் கேட்டபோது, “பழசு கூப்பிட்டா வரும் ஐயா, இது கத்துது” என்றார்.

அவர் கூற்றில் ஒலியியல் உண்மை உண்டு. நடுத்துண்டின் இரு முனைகளையும் அளந்தபோது அது சீராக விரிந்து செல்வது தெரிந்தது. புதிய கொம்பிலோ குழல் நெடுகிலும் உள்விட்டம் ஒன்றே. இறுதியில் மட்டும் அகன்ற வாயொன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஒரே அளவுக் குழாயை வளைத்துச் செய்தது அது. புறத்தோற்றத்தில் வேறுபாடு புலப்படாது. ஓசையில் வேறுபாடு மிகப் பெரிது. நுனிமுதல் அடிவரை சீராக விரியும் கூம்புக்குழலில், ஒரு முனையை உதடு மூடியிருப்பினும், அடிப்படை அதிர்வின் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மடங்குகள் யாவும் எழும். இரண்டு மீட்டர் நீளமுள்ள அத்தகைய குழலின் அடிப்படை அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 85. அதன் இரண்டாம் மடங்கு 170, மூன்றாம் மடங்கு 255. ஒரே உள்விட்டமுடைய குழலில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றை மடங்குகளே இயல்பாக நிற்கும். வாயும் வாய்ப்பகுதியும் இதனைப் பெரிதும் மாற்றக்கூடும்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள உறவுதான் குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு. கூம்புக்குழலை ஊதுவோன் இரண்டாம் மடங்கில் நின்று உதட்டைச் சற்றே இறுக்கினால் அடுத்து வந்து நிற்பது இளியே. மலைபடுகடாம் தூம்புக்கு இளியை உரித்தாக்கியதன் காரணம் இவ்வியல்பாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. இது மெய்யா என்பதை உரைகளை ஒப்பிட்டு முடிவுசெய்ய இயலாது. கூம்பாக ஒன்றும் நேராக ஒன்றும் செய்து ஊதிப்பார்த்தே அறியவேண்டும். நல்ல மறுவுருவாக்கம் ஒன்று பத்துப்பாட்டின் ஓரடிக்கு உரையாக அமையக்கூடும்.

ஆகவே பழைய கொம்பு எங்கேனும் கிட்டினால் அதனை உடனே மெருகேற்றுதலோ, நசுங்கலைத் தட்டி எடுத்தலோ கூடாது. விரல் அகலத்துக்கு ஒருமுறை உள்விட்டம், சுவரின் தடிப்பு, மூட்டுகளின் செருகல் நீளம், விளிம்புப் பற்களின் எண்ணிக்கை, வாய்ப்பகுதியின் ஆழமும் தொண்டைத் துளையும் ஆகியவை முதலில் குறிக்கப்பெற வேண்டும். இவ்வளவுகள் ஒரு தாளில் அடங்கும். அத்தாள் இருப்பின் பெருமாள்பள்ளியிலோ நாச்சியார்கோயிலிலோ தகடும் உலையும் அறிந்தோர் அக்கொம்பை மீண்டும் செய்ய முடியும். பழமை தோன்றப் புளிநிறம் ஏற்றுவது எளிய வேலை. அதனை இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

அச்சிற்றூர்க் கொம்பின் வாய்ப்பகுதி கிடைக்கவில்லை. அதன் ஆழம் எவ்வளவு என்று முதியவரிடம் கேட்டபோது, அவர் நினைவிலிருந்து சொல்லவில்லை. வலக்கையின் கட்டைவிரலை நீட்டி, நகக்கண்ணுக்குச் சற்றுக் கீழே மறுகையால் பிடித்துக் காட்டினார். ஒவ்வொரு திருவிழாவின்போதும் ஊதுமுன் அவ்விரலை உள்ளேவிட்டுத் துடைப்பது அவர் வழக்கமாம். விளக்கருகில் இருந்த தேன்மெழுகை இளக்கி அவ்விரல் நுனியை அதில் பதியவைத்தோம். நடுத்துண்டின் அளவுகளுடன் அம்மெழுகுப்படியும் இப்போது கட்டுரையாளரிடம் உள்ளது.